ஆயிரம் வரை நாற்பத்தைந்து

கிளிநொச்சிக் கடையில் திறப்பைத் தந்த பிள்ளை,
பெயர்ப்பட்டியில் அபர்ணிகா,
சிரிக்காமல் சொன்னாள்:
"அண்ணை, முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கும்
நாற்பத்தைஞ்சைத் தாண்டாதேங்கோ.
ஒரே வேகத்திலயும் ஓடாதேங்கோ.
பாரம் ஏத்தவே கூடாது."

நான் மீன் வியாபாரி எண்டு
அவளுக்கு ஆர் சொல்லுறது?
லீசிங் பத்திரத்தில் இருபத்திரண்டு இடத்தில்
கையெழுத்து வைத்த கை
இன்னும் சூடை மணந்துகொண்டிருந்தது.

மீற்றரில் மூன்று.
அந்த மூன்றையும் ஓடினவன் ஆர் என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.
முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார்கள்.
நான் வேதக்காரன்.
என்றாலும் அது நசுங்கிய சத்தம் பிடித்திருந்தது.

பரந்தன் சந்தியில் திரும்பினேன்.
முப்பது, நாற்பது, பிறகு முப்பத்தைந்து,
பிள்ளைத்தாச்சியை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிறவன் மாதிரி.
விசுவமடுவில் பஸ் முந்தியது.
உடையார்கட்டில் மணல் ஏற்றிய ட்ரக்டர் முந்தியது,
ஓட்டினவன் திரும்பிப் பார்த்துக் கையும் காட்டினான்.
வட்டுவாகல் பாலத்தில் மட்டும்
எல்லோருக்கும் என் வேகம்.
ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் பெருங்கடல்,
நடுவில் கொஞ்ச நேரம்
நானும் சரியான ஆள்.

ஜசிந்தா சீற்றுப் பொலித்தீனைக் கழற்ற விடவில்லை.
பெற்றோல் டாங்கியில் முகம் பார்த்து
முடியை ஒதுக்கிக்கொண்டு
"மாசம் பத்தொன்பதாயிரத்து நானூறு" என்றாள்,
அதற்குப் பெயர் வைப்பதுபோல.

அடுத்த நாள் விடிய நாலரைக்கு
ரெஜிபோம் பெட்டியோடு கரையில் நின்றேன்.
புத்தகம் மூன்று மொழியில் இருந்தது,
மூன்றிலும் மீன் இல்லை.
பாதிப் பெட்டி கட்டினேன்.
பாதி மீன், பாதி லாபம், தவணை மட்டும் முழுசு.
முள்ளியவளை தாண்ட ஐஸ் சொட்டத் தொடங்கும்,
முள் நாற்பத்தைந்தில் நிற்கும்.
எஞ்சினுக்குப் பழக நாள் வேணும்.
மீனுக்கு ஒரு நாளும் கூடாது.

பின்னேரங்களில் நல்ல தண்ணி இரண்டு வாளி,
உப்புக்காற்றும் மீன்தண்ணியும் போகும்வரை.
செயினுக்கு மண்ணெண்ணெய், பிறகு ஒயில்,
கண்ணி கண்ணியாக, மகனின் பழைய பல்துலக்கியால்.
"எனக்குக் காய்ச்சல் வந்த நேரம்
இப்பிடித் துடைச்சனீங்களோ?"
மகன் கலண்டர் தாளில் எழுதினான்:
நூற்றுப் பதினெட்டு. நூற்று எழுபத்தாறு.
ஞாயிறு பூசைக்கு நடந்து போனோம்.

அறுநூற்றுப் பன்னிரண்டில் யானை.
முத்தையன்கட்டுப் பக்கம், கிறவல் றோட்டு,
வெளிச்சம் சரியாக வரவில்லை.
ஒற்றை. காது அசையவில்லை.
எப்படித் திருப்பினேன் என்று தெரியாது.
பெட்டியின் மூடி பறந்தது,
சூடை முழுக்கச் செம்மண்ணில்.
முள்ளை மட்டும் பார்த்தேன்,
எழுபத்தெட்டு.

அன்றிரவு நித்திரை இல்லை.
யானையால் அல்ல.

ஒட்டுசுட்டானில் குகேந்திரனின் கராச்.
ஆயிரத்து மூன்று. முதல் ஒயில் மாற்றம்.
சுவாமியிடம் சொல்வதுபோல் எல்லாம் சொன்னேன்.
அவன் போல்ட்டைத் திருகிக்கொண்டே கேட்டான்:
"யானைக்கு எத்தினையில போனனீங்கள்?"
"எழுபத்தெட்டு."
"காணாது" என்றான்.

ஒயில் தட்டில் கறுப்பாய் இறங்கியது.
வெயில் பக்கம் சரித்துக் காட்டினான்.
பொடிப்பொடியாக வெள்ளி.
"இரும்பு இரும்போட உரஞ்சினது.
முதல்தரம் வாறதுதான், பயப்பிடாதேங்கோ."
விரலில் தொட்டுத் தேய்த்தேன்.
இருபது வருசமாய் இந்த விரல்களுக்குத் தெரிந்த மினுக்கம்.
இதுக்கும் செதில் இருந்திருக்கு.

மறுநாள் முழுப் பெட்டி. அறுபது.
தண்ணீரூற்றில் ஒரு மனுசி
பாரையின் பூவைத் தூக்கிப் பார்த்தாள்,
பிறகு என் கையைப் பார்த்தாள்,
"மீன் பச்சை. கைதான் ஒயில் மணக்குது" என்று
கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைத்தாள்.